பெரியப்பாவின் கால் சொன்ன சேதி

ஊரில் ஒருத்தருக்கு என்ன வியாதி என்பது டாக்டருக்கு முன்னாலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். காலை அகட்டி வைத்தால் மூட்டு. ஒரு பக்கமாக இழுத்தால் வாதம். இடுப்பில் கையை ஊன்றினால் தண்டுவடம். காலையில் தள்ளாடினால் சுகர், சாயங்காலம் தள்ளாடினால் அது வேற. பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும்.

எங்க பெரியப்பா விஷயத்தில் மட்டும் தெருவும் தோற்றது, ரெண்டு டாக்டர்களும் தோற்றார்கள். அந்தக் கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிசானத்துக்கு நாத்துப் பாவ இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்போது விட்டால் பிறகு மார்கழிக்குத்தான் உட்கார முடியும்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். வயது 61. எங்களுக்குச் சிற்றாற்றுப் பாசனம். குளத்து மடையில் தண்ணி திறக்கிற நாளில் எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு. ஒல்லியான உடம்பு. பதினாறு வயதிலிருந்து பீடி. வரப்பில் குத்தவைத்து ஒரு பீடி பற்றவைத்தால், அது அணைவதற்குள் அந்த வயலுக்கு எவ்வளவு தண்ணி வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார்.

அந்த வருடம் கார் சாகுபடிக்கு நாத்துப் பாவின சமயம். குத்தவைத்தவர் எழுந்திருக்க முடியாமல் மம்பட்டிக் காம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "கால் மரத்துப் போச்சுல" என்றார். அப்புறம் பஸ் படி ஏற முடியவில்லை. அப்புறம் கக்கூஸில் எழுந்திருக்க முடியவில்லை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. தொடையில் பலம் மட்டும் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது முதல் இருபது அடி ரொம்பக் கஷ்டப்படுவார். வாய்க்கால் தாண்டி ரெண்டு வரப்பு நடந்துவிட்டால் கொஞ்சம் லேசாகிவிடும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் அசந்துவிடும். தெருவுக்கு இது போதாதா? "வயலுக்குப் போகணும்னா கால் வலிக்கும், டீக்கடைக்குன்னா சரியாயிரும். அண்ணாச்சிக்கு வந்திருக்கது சோம்பேறி வாதம்" என்று சிரித்தார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். நாற்பத்தைந்து வருடம் சேற்றில் நின்ற மனுசன். பதிலே பேச மாட்டார். டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. அதை யாரும் காலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வாய் வறண்டுபோனது. "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுது" என்று சொம்பு சொம்பாகத் தண்ணி குடிப்பார். மலச்சிக்கல். உட்கார்ந்து எழுந்தால் கிறுகிறுப்பு. வாய் வறட்சிக்கு வெயில், மலச்சிக்கலுக்கு வயசு, கிறுகிறுப்புக்குப் பித்தம் என்று ஆளுக்கொரு காரணம். ஒரே மனுசனுடைய உடம்பு என்பதையே மறந்துவிட்டு, பாகப்பிரிவினை மாதிரி ஆளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணெய் போட்டு நீவி விட்டார்கள். கேட்கவில்லை. பக்கத்து டவுனில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, தேய்மானம் என்றார். அறுபது வயது விவசாயி எவரையும் எடுத்துப் பாருங்கள், முதுகில் தேய்மானம் இல்லாமல் இருக்காது. பெல்ட் வாங்கிப் போட்டார். இன்னொரு இடத்தில் சத்து ஊசி பத்து போட்டார்கள். கார் அறுவடை முடிந்தது, பிசானம் நடவும் முடிந்தது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் ரெண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதே.

பூச்சிமருந்து அடித்த விஷம் உடம்பில் ஏறியிருக்கும் என்று ஒரு பேச்சு வந்தது. அதையும் விசாரித்துவிடலாம் என்றுதான் தை மாதம் திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். சின்ன வயசுப் பெண். பெரியப்பா பேசுவதைக் குறுக்கே விழாமல் கேட்டார். வாய் வறட்சியைப் பற்றி அவராகவே கேட்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டு இன்னும் ஏதோ கேட்டார். ஆண்மைக் குறைவு பற்றித்தான் என்று பின்னால் தெரிந்தது. அதுவும் இந்த வியாதியின் ஒரு அடையாளமாம். எந்தக் கிராமத்து மனுசன் அதைத் தானாகச் சொல்வார்?

பிறகு ரப்பர் சுத்தியலை எடுத்து முழங்காலுக்குக் கீழே தட்டினார். நமக்கெல்லாம் கால் வெடுக்கென்று ஒரு உதை விடும். பெரியப்பா கால் அசையவே இல்லை. "ஐயா, காலை நீட்டி என் கையை நல்லா தள்ளுங்க, விடாம தள்ளுங்க" என்று பத்து எண்ணுகிற வரைக்கும் தள்ளச் சொன்னார். உடனே மறுபடியும் தட்டினார். கால் உதைத்தது! நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். செத்துக்கிடந்த கால் பத்து விநாடி வேலை செய்ததும் உயிர் பெற்றது.

"நடந்தா கொஞ்சம் சரியாகுதுன்னு சொன்னாருல்ல, அது நிஜம்" என்றார் டாக்டர். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அவரை நம்பியிருக்கிறார்.

கையில் கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்புப் பரிசோதனையிலும் அதேதான். தசையிலிருந்து வந்த சிக்னல் முதலில் சின்னதாக இருந்தது. பத்து விநாடி கையை முறுக்கச் சொல்லிவிட்டு எடுத்தால் ரெண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. வியாதியின் பெயர் லாம்பர்ட்-ஈட்டன். பெரியப்பா வாயில் அது கடைசி வரைக்கும் "லம்பாடி ஈட்டி"தான்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நரம்பு தசையோடு ஒட்டியிருப்பதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. மூளையின் கட்டளை நரம்பு முனை வரைக்கும் மின்சாரமாக வரும். அந்த முனையில் கால்சியம் நுழைவதற்கென்று வாசல்கள் இருக்கின்றன. கட்டளை வந்ததும் வாசல் திறந்து கால்சியம் உள்ளே போகும். உடனே நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை இடைவெளியில் கொட்டும். அது எதிர்க்கரையில் இருக்கும் தசையில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அந்த ரசாயனத்தை உடைத்துத் துடைத்துவிடும். பெரியப்பாவுக்கு அடைபட்டிருப்பது கால்சியம் நுழைகிற வாசல்.

பெரியப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் கொளத்துல தண்ணி கெடக்கு. வயலும் நல்லாத்தான் கெடக்கு. மடைக்குள்ள சகதி அடைச்சிருக்கு. அப்படித்தானம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டு, "அப்படியேதான் ஐயா" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பிறகு நிறைய வாசித்தேன். மடையில் சகதி அடைத்திருந்தால் ஒரு தடவை திறக்கும்போது கொஞ்சம்தான் கசியும். வயலுக்கு எட்டாது. அடுத்தடுத்துத் திறந்தால், கசிந்த தண்ணி வாய்க்காலில் சேர்ந்து கொஞ்ச நேரத்துக்கு வயலை எட்டும். பெரியப்பா நாலு வரப்பு நடந்ததும் லேசானது இதனால்தான். அடுத்தடுத்து வேலை கொடுக்கும்போது நரம்பு முனைக்குள் கால்சியம் சேர்கிறது. சோம்பேறி வாதம் என்று ஊர் சிரித்தது எதைப் பார்த்தோ, அதுதான் இந்த வியாதியின் கைரேகை.

இதே தண்ணிப் பாதையில் வேறு இடத்திலும் அடைப்பு வரலாம். தண்ணி வந்து சேர்கிற வயலின் வாமடையே அடைபட்டால் அது மயஸ்தீனியா கிராவிஸ். அங்கே தசைப் பக்கத்து வாங்கிகள் அடைபடுகின்றன. அதற்கு முதல் அடையாளம் பெரும்பாலும் கண்ணில் தெரியும். இமை தொங்கும், ஒன்று ரெண்டாகத் தெரியும். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் ஆக ஆகச் சோரும். பெரியப்பாவுக்கு வந்தது காலில் தொடங்குகிற வகை.

மூன்றாவதாக வடிகால். பூச்சிமருந்து விஷம் என்று ஊர் சொன்னதே, அது அடைப்பது வடிகாலை. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் அசிட்டைல்கோலினைத் துடைக்கிற நொதியை முடக்கிவிடும். தண்ணி வடியாமல் வயல் முங்கிப்போகும். அதனால்தான் மருந்து ஏறின ஆளுக்கு எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், சதை துடிக்கும். ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போடுவது அதற்குத்தான். பெரியப்பாவுக்கோ வாய் வறண்டது. அதாவது நேர் எதிர். எச்சில் சுரக்க வைக்கிற நரம்புகளுக்கும் இதே மடைதான் என்பதால் அங்கேயும் தண்ணி போகவில்லை.

ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மயஸ்தீனியாவுக்கு முதலில் பலன் கொடுத்த மருந்தும் இந்த வடிகாலை அடைக்கிற மருந்துதான். 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், பிசோஸ்டிக்மின் என்ற மருந்தைக் கொடுத்து ஒரு நோயாளியைத் தேற்றினார். அது மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு விஷ அவரையிலிருந்து எடுப்பது. வருகிற தண்ணி குறைவு என்றால், வடிகாலைக் கொஞ்சம் மூடினால் இருக்கிற தண்ணி தேங்கி நிற்கும் அல்லவா? இன்றைக்கும் அந்த வழியில் வந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரைதான் மயஸ்தீனியாவுக்கு முதலில் கொடுக்கிறார்கள். நாம் செடிக்கு அடிக்கிற விஷமும் அந்த மாத்திரையும் வேலை செய்கிற இடம் ஒன்று. மருந்தின் தன்மையும் அளவும்தான் வேறு.

சரி, மடையில் சகதி எப்படி வந்தது? அங்கேதான் டாக்டரின் முகம் மாறியது.

"ஐயா, எத்தனை வருசமா பீடி குடிக்கிறீங்க?"

"ஒரு நாப்பத்தஞ்சி இருக்கும்மா."

"நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே."

காலுக்கு வைத்தியம் பார்க்க வந்த மனுசனுக்கு நெஞ்சில் எதற்கு ஸ்கேன் என்று பெரியம்மாவுக்குப் புரியவில்லை. அவருக்கு இருமல் இல்லை, சளியில் ரத்தம் இல்லை, பசி குறையவில்லை.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி களை எடுக்கிற ஆள் மாதிரி. நெல் வயலில் குதிரைவாலிப் புல் முளைத்தால் சின்னதில் அதற்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கைதேர்ந்தவர்களே களையோடு நாலு நெல் நாற்றையும் பிடுங்கிவிடுவார்கள். நுரையீரலில் சிறு செல் புற்றுநோய் என்று ஒரு வகை உண்டு. கிட்டத்தட்ட எப்போதும் புகைக்கிறவர்களுக்குத்தான் வரும். அந்தப் புற்றுச் செல்களின் மேலும், நரம்பு முனையில் இருப்பது போன்ற அதே கால்சியம் வாசல்கள் இருக்கின்றன. புற்று கடுகளவு இருக்கும்போதே உடம்பு அதைக் கண்டுபிடித்து, அந்த வாசலைக் குறிவைத்து எதிர்ப்பான்களை உண்டாக்குகிறது. அவை ரத்தத்தில் ஊர் சுற்றி, நரம்பு முனையில் இருக்கும் நல்ல வாசல்களையும் பிடுங்கிவிடுகின்றன. மடையில் அடைத்த சகதி அதுதான்.

ஆக, பெரியப்பா காலில் பலம் போனதே, நெஞ்சுக்குள் உடம்பு ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால்தான்.

இது தற்செயல் இல்லை என்று உலகத்துக்குத் தெரியவே ரொம்ப நாள் ஆயிற்று. 1953-இல் இங்கிலாந்தில் நுரையீரல் கட்டி இருந்த ஒரு நோயாளிக்கு, மயக்க டாக்டர் தசை தளர்த்தும் மருந்தைக் கொடுத்ததும் மூச்சு ரொம்ப நேரம் திரும்பவில்லை. தசை பலவீனத்துக்கும் அந்தக் கட்டிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அங்கே எழுதினார்கள். 1956-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லாம்பர்ட், ஈட்டன், ரூக் ஆகிய மூவரும் இது மயஸ்தீனியா இல்லை, தனி வியாதி என்று நரம்புப் பரிசோதனையால் காட்டினார்கள். 1981-இல் நோயாளிகளின் ரத்தத்திலிருந்த எதிர்ப்பான்களை எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகளின் நரம்பு முனையிலும் அதே கோளாறு வந்தது. குற்றவாளி யார் என்பது அப்போதுதான் உறுதியானது.

இந்த வியாதி வருகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே, உள்ளே புற்று இருக்கும். மற்றவர்களுக்குப் புற்று எதுவும் இருக்காது, வெறும் எதிர்ப்பு சக்தியின் கோளாறு. வயது ஐம்பதைத் தாண்டி, புகைக்கிற பழக்கமும் இருந்தால் புற்றுக்கான சந்தேகம் பல மடங்கு ஏறும்.

ஸ்கேன் வந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை.

பெரியம்மா அங்கேயே கைகூப்பிக் கும்பிட்டாள். ஊருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் சொன்னாள். வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ஆனால் டாக்டர் சந்தோஷப்படவில்லை. "இப்ப தெரியலை, அவ்வளவுதான். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுக்கணும். அதுலயும் இல்லைன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருசம் வரைக்கும் பாக்கணும்" என்றார். எதிர்ப்பான் இருக்கிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். அதில் இருக்கிறது என்று முடிவு வந்தது. காலுக்கு மாத்திரை ஆரம்பித்தார். டைஅமினோபிரிடின் என்ற அந்த மருந்து, மடை திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிவைக்கும். பெரியப்பா தலையணை இல்லாமல் உட்கார ஆரம்பித்தார்.

மூன்று மாதம் கழித்து என்றால் சித்திரை. பிசானம் அறுத்து, நெல் விற்று, கையில் கொஞ்சம் காசு இருந்த நேரம். பெரியப்பா வர மாட்டேன் என்றார். "நல்லாருக்குன்னு எழுதியே குடுத்துட்டாங்க. கால் வேற சரியாயிட்டு வருது. இல்லாத நோவத் தேடி யாராவது காசு செலவழிப்பானா?"

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஊரில் ஸ்கேன் என்பது தீர்ப்பு மாதிரி. 'ஒன்றுமில்லை' என்று ஒரு தடவை வந்துவிட்டால் கேஸ் முடிந்தது. அப்பீல் கிடையாது. ஆனால் இந்த வியாதியில் உடம்பு ஸ்கேன் மிஷினை விட முந்திக்கொள்கிறது. கட்டி கண்ணுக்குத் தெரிகிற அளவு வளருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னாலேயே கால் சொல்லிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒரு வருடத்துக்குள் கட்டி கண்ணில் பட்டுவிடுமாம். அந்த ஒரு வருடம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அதைப் பொங்கல் வைத்துக் கழித்துவிடக் கூடாது.

அவரைக் கிளப்பியது பெரியம்மாதான். "நாத்து நட்டுட்டு ஒரு தடவ களை எடுத்தா போதும்னு என்னைக்காவது விட்டிருக்கியளா? ரெண்டாங்களை எடுக்க மாட்டியளா? கெளம்புங்க" என்றாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

ரெண்டாவது ஸ்கேனில் நெஞ்சின் நடுவில் நெறிகட்டி தெரிந்தது. மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். சிறு செல் புற்றுநோய். ஆனால் ஒரு பக்க நெஞ்சோடு நின்றிருந்தது. வேறெங்கும் பரவவில்லை. இந்த வகைப் புற்று வேகமாகப் பரவக்கூடியது. பெரும்பாலோருக்குக் கண்டுபிடிக்கும்போதே பரவியிருக்கும் என்றார்கள். இருமல் வந்து, ரத்தம் வந்து போயிருந்தால் அவரும் அந்தப் பெரும்பாலோரில் ஒருவராக இருந்திருப்பார்.

சதையெடுக்கப் போகும்போது ஒரு விஷயத்தை அந்த டாக்டர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். லாம்பர்ட்-ஈட்டன் உள்ளவர்களுக்கு மயக்கம் கொடுக்கும்போது சேர்த்துத் தருகிற தசை தளர்த்தும் மருந்துகள் ஆகாது. சிலவகை ஆன்ட்டிபயாட்டிக் ஊசிகளும், மெக்னீசியமும் பலவீனத்தைக் கூட்டிவிடும். மயஸ்தீனியாவுக்கும் இது பொருந்தும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். பெரியப்பா அதை ரேஷன் கார்டோடு வைத்திருந்தார்.

பீடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. எங்க பக்கத்து ஊர்களில் பீடி சுற்றாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரியம்மாவும் சுற்றுகிறவள்தான். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், கையில் கத்தரி. பேசிக்கொண்டே, குழம்பைப் பார்த்துக்கொண்டே, பேரனை அதட்டிக்கொண்டே விரல் தானாக ஓடும். மழை பொய்த்த வருடங்களில் எல்லாம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தட்டினால்தான்.

வியாதி தெரிந்த பிறகு ஒருநாள் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எய்யா, இதச் சுத்தித்தான் மூணு பிள்ளையளயும் கரை சேத்தேன். மூத்தவ கல்யாணத்துக்கு இதுலதான் கடன் அடைச்சேன். இதயா நான் கொற சொல்ல முடியும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இத எவன் வீட்டு ஆம்பள குடிக்கப் போறானோன்னு இப்பம் தோணுது" என்றாள். அதன் பிறகும் சுற்றினாள். வேறு வருமானம் என்ன இருக்கிறது? பீடியை விடுங்கள் என்று சொல்கிற நல்ல மனசுக்காரர்கள் இந்தத் தட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பெரியப்பா பீடியை விட்டார். ஒரே நாளில் விட்டார். சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை அது அதே வீட்டில்தான் இருக்கும், அதை நினைத்துப் பாருங்கள்.

வைகாசியில் கீமோ ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை. கூடவே நெஞ்சுக்குக் கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷனை எங்க ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெரும்பாலான செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போனது. ரத்தப் பரிசோதனையும் கால் மாத்திரையும் கைக்காசு. முடி கொட்டியது, வாந்தி எடுத்தார், எல்லோருக்கும் வருவதெல்லாம் வந்தது. ஆனால் ரெண்டு மூன்று கீமோவிலேயே ஒரு மாற்றம் தெரிந்தது. புற்று சுருங்கச் சுருங்கக் கால் திரும்ப வந்தது. களை போனதும், களை எடுக்கிற ஆளுக்கும் வேலை குறைந்துவிட்டது. கார் அறுவடை சமயத்தில் வரப்பில் குத்தவைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சோம்பேறி வாதம் என்று சொன்னவர்தான் முதலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

சிறு செல் புற்று வந்தவர்களில், இந்த லாம்பர்ட்-ஈட்டனும் சேர்ந்து வந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒரு காரணம். உடம்பே புற்றை எதிர்த்து நிற்பது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். காலை முடக்கிய அதே எதிர்ப்பான், ஆளைக் காப்பாற்றவும் பார்த்திருக்கிறது.

பெரியப்பா அதன் பிறகு ஐந்து அறுவடை பார்த்தார். கார் மூன்று, பிசானம் ரெண்டு. குளத்து மடைக்கு மறுபடியும் அவர்தான். பேத்தி பெரியவளானபோது சீர்த்தட்டைச் சுமந்து தெருவில் நடந்துபோனார். மூன்றாவது கார் அறுவடை முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் என்னிடம் வந்து, "ஏலே, மடை திரும்ப அடைக்கி" என்றார். அந்த வாரமே ஸ்கேன் எடுத்தோம். புற்று திரும்பியிருந்தது. இந்தத் தடவையும் முதலில் சொன்னது கால்தான். கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார்.

இது அபூர்வமான வியாதி. கால் அசதி என்று சொல்கிற எல்லோருக்கும் இதுவாக இருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் தொடையில் பலம் குறைவதோடு வாய் வறட்சியும் சேர்ந்து, அவர் பீடி சிகரெட் குடிப்பவராகவும் இருந்தால் எலும்பு டாக்டரோடு நிறுத்தாதீர்கள், நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். சாயங்காலம் இமை தொங்கினாலும் அப்படித்தான். மயஸ்தீனியா வந்தவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். அதனால் அவர்களுக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுப்பார்கள். கண் இமையில் ஊதா நிறம் படர்ந்து, விரல் முட்டிகளில் தடிப்பு வந்து, தோளும் தொடையும் சோர்ந்தால் அது டெர்மடோமயோசைட்டிஸ் என்கிற தசை நோயாக இருக்கலாம். பெரியவர்களுக்கு அது வந்தால் அங்கேயும் உள்ளே புற்று ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு ஊரில் ஒரு அப்பாவோ மாமாவோ இருப்பார். போனில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்வார். அதற்குப் பதிலாக, "குத்தவச்சா கையை ஊணாம எந்திரிக்க முடியுதா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பொய் சொல்ல அவருக்குச் சட்டென்று வராது.

நாளைக்கு மடை திறக்கிறார்கள். இந்த வருடத்திலிருந்து அந்த மனக்கணக்கு என் பொறுப்பு. ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அவர் அளவுக்கு எனக்கு ஞாபகம் நிற்காது. பிசான நடவு முடிந்ததும் அடுத்த பதிவில் சந்திப்போம்.